ஆங்கிலச் சொல்வகைகளை எதைக் கொண்டு வரையறுப்பது: பொருளா, வடிவமா, இடமா?

ஆங்கில இலக்கணத்தைத் தமிழில் விளக்கும் கையேடு ஒன்றை எழுத முற்படுபவரும், மேல்நிலை வகுப்பில் சொல்வகைகளை நடத்த வேண்டிய ஆசிரியரும், ஆங்கில உரைத்தொகுப்புக்கு இலக்கணக் குறியிடும் கணினித் துறையினரும் தொடக்கத்திலேயே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். பெயர், வினை, பெயரடை போன்ற வகைகளை எதைக் கொண்டு வரையறுப்பது என்பதே அந்த முடிவு. சொல் உணர்த்தும் பொருளைக் கொண்டு வரையறுக்கலாம். அது ஏற்கும் விகுதிகளைக் கொண்டு வரையறுக்கலாம். வாக்கியத்தில் அது வந்து நிற்கும் இடத்தைக் கொண்டும் வரையறுக்கலாம். இந்தக் கேள்வியை எழுப்பிக்கொள்ளாமலேயே பழைய பாடநூலொன்றின் முதல் அத்தியாயத்தை அப்படியே எடுத்தாளும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அதன் விளைவு பின்வரும் அத்தியாயங்களில், காரணம் சொல்ல முடியாத விதிவிலக்குகளாகக் குவிகிறது. ஆகவே மொழியியலார் முன்வைத்துள்ள வழிகளை எடுத்து, எது எந்தத் தேவைக்கு உதவும், எது எந்த இடத்தில் கைவிடும் என்று இங்கே பார்க்கிறேன். என் பார்வை முதன்மையாகக் கையேடு எழுதுபவர், ஆசிரியர் ஆகிய இருவரின் தேவையை ஒட்டியது.

பொருளை நம்பும் பழைய வழி

நம் பள்ளிகளில் ரென், மார்ட்டின் இருவரின் இலக்கண நூல் வழியாக நிலைபெற்றது எட்டுச் சொல்வகைப் பட்டியல். ஆள், இடம், பொருள் ஆகியவற்றின் பெயராக வருவது பெயர்ச்சொல், செயலையோ நிலையையோ சொல்வது வினைச்சொல், பெயரைச் சிறப்பிப்பது பெயரடை என்று அது தொடங்கும். இந்தப் பட்டியலின் வேர் மிகப் பழையது. டையோனிசியஸ் திராக்ஸின் பெயரால் வழங்கும், ஏறத்தாழ கி.மு. 100ஐச் சேர்ந்த கிரேக்க இலக்கணம் எட்டு வகைகளைக் கூறியது. கி.பி. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்ஸ்டான்டிநோப்பிளில் கற்பித்த பிரிஸ்கியன், லத்தீனில் ஆர்ட்டிகிள் (ஆங்கில ‘தி’, ‘எ’ போன்ற சொல்) இல்லாததால் அதை விலக்கி, வியப்பிடைச்சொல்லையும் கணக்கில் கொண்டு எட்டு என்ற எண்ணைக் காப்பாற்றினார். ஆங்கிலத்திற்கு 1795இல் லிண்ட்லி மரே எழுதிய பள்ளி இலக்கணம், ஆர்ட்டிகிளையும் பெயரடையையும் தனித்தனியே எண்ணி ஒன்பது என்றது. கிரேக்க, லத்தீன் இலக்கணங்களில் பெயரடை தனி வகையாக இல்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பெயரைப் போலவே அதுவும் வேற்றுமை, எண், பால் விகுதிகளை ஏற்றதால் பெயருக்குள்ளேயே அடங்கியிருந்தது.

அதாவது, பழையவர்கள் வெறும் பொருளை மட்டும் பார்த்து வகுக்கவில்லை. திராக்ஸ் நூலின் வரையறைப்படி பெயர் என்பது வேற்றுமை ஏற்று ஓர் உடலையோ பொருளையோ குறிப்பது. வினை என்பது வேற்றுமை ஏற்காமல், காலமும், தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற இடமும், எண்ணும் காட்டி, செயலைக் குறிப்பது. தமிழ் வாசகருக்கு இது புதிய செய்தியாக இராது. ‘வினையெனப் படுவது வேற்றுமை கொள்ளாது நினையுங் காலைக் காலமொடு தோன்றும்’ என்று தொல்காப்பியம் வினையை வரையறுக்கும்போது, செயல் என்ற பேச்சையே எடுக்காமல், எதை ஏற்கும், எதை ஏற்காது என்ற வடிவச் சோதனையை முன்வைக்கிறது. இப்படிப்பட்ட வரையறைகளில் வடிவப் பாதி என்றும் பொருட்பாதி என்றும் இரண்டு உண்டு. விகுதிகள் பெரும்பாலும் உதிர்ந்துபோன ஆங்கிலத்திற்குக் கிரேக்க, லத்தீன் அச்சு வந்து சேர்ந்தபோது வடிவப் பாதி தளர்ந்து, பள்ளி நூல்களில் பொருட்பாதி மட்டுமே வரையறையாக எஞ்சியது.

அந்த எஞ்சிய பாதி சோதனைக்குத் தாங்குவதில்லை. ‘தி எனிமி டெஸ்ட்ராய்ட் தி சிட்டி’ என்ற வாக்கியத்தையும் ‘தி எனிமிஸ் டெஸ்ட்ரக்‌ஷன் ஆஃப் தி சிட்டி’ என்ற தொடரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டிலும் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்றே. அழிப்பு என்ற செயலும் ஒன்றே. ஆனால் ‘டெஸ்ட்ராய்’ வினை, ‘டெஸ்ட்ரக்‌ஷன்’ பெயர். மறுபுறம் ‘ஓன்’, ‘கன்டெய்ன்’, ‘ரிசெம்பிள்’ ஆகியவற்றில் செயலே இல்லை, அவை வினைகள்தாம். பண்பு, செயல், நிலை ஆகியவற்றின் பெயரும் பெயர்ச்சொல்லே என்று வரையறையை விரித்து இதைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். அப்படி விரித்தவுடன், ‘டெஸ்ட்ரக்‌ஷன்’ செயலின் பெயர், ‘டெஸ்ட்ராய்’ செயலைச் சொல்வது என்று பிரிக்க வேண்டியதாகிறது. எது பெயர், எது சொல்வது என்று கேட்டால், அது பெயர்ச்சொல்லாக இருப்பதால் பெயர் என்பதைத் தவிர வேறு விடை கிடைப்பதில்லை. வரையறை தன்னையே சுற்றி வருகிறது. விடை முன்பே தெரிந்த மாணவருக்கு மட்டும் அது பயன்படுகிறது.

அவ்விரண்டையும் உண்மையில் பிரித்துக் காட்டுபவை வேறு. ‘டெஸ்ட்ராய்ட்’ இறந்தகால விகுதியை ஏற்றிருக்கிறது, தன் செயப்படுபொருளை நேரடியாக எடுத்துக்கொள்கிறது. ‘டெஸ்ட்ரக்‌ஷன்’ முன்னால் ‘தி’ அல்லது உடைமைச் சொல் வர இடம் தருகிறது, செயப்படுபொருளுக்கு ‘ஆஃப்’ கேட்கிறது. முதலாவதோடு ‘சடன்லி’ சேரும், இரண்டாவதோடு ‘சடன்’ சேரும். ஒரு மாணவர் கையில் எடுத்துச் செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இவை.

இடத்தை மட்டும் நம்பிய வழி

இந்தச் சோதனைகளையே முழு இலக்கணமாக ஆக்க முயன்றவர் அமெரிக்க மொழியியலார் சார்லஸ் ஃப்ரீஸ். 1952இல் வெளிவந்த அவருடைய நூல், பதிவு செய்யப்பட்ட ஏறத்தாழ 50 மணி நேரத் தொலைபேசி உரையாடல்களை, சுமார் 2,50,000 சொற்களை, அடித்தளமாகக் கொண்டது. ‘தி கான்சர்ட் வாஸ் குட்’, ‘தி கிளர்க் ரிமெம்பர்ட் தி டாக்ஸ்’, ‘தி டீம் வென்ட் தேர்’ என்ற மூன்று சட்டக வாக்கியங்களை வைத்துக்கொண்டு, ‘கான்சர்ட்’ நிற்கும் இடத்தில் எவையெல்லாம் வர முடியுமோ அவை முதல் வகுப்பு என்று அவர் தொடங்கினார். பெயர், வினை என்ற பெயர்களைக்கூட விலக்கி, நான்கு எண்ணிட்ட வகுப்புகளும், ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்பட்ட பதினைந்து துணைச்சொல் தொகுதிகளும் அமைத்தார்.

இந்த வழியின் வலிமையைப் பொருளே இல்லாத ஒரு வாக்கியத்தில் நன்றாகப் பார்க்கலாம். ‘தி டிரோப்ஸ் ஸ்நிம்ட் எ வெரி டோபி கிரெல்’ என்று ஆங்கில ஒலியில் ஒன்றைக் கட்டுகிறேன். ‘தி’, ‘எ’, ‘வெரி’ நீங்கலாக ஒரு சொல்லுக்கும் பொருள் கிடையாது. ஆயினும் ஆங்கிலம் அறிந்தவர் ‘டிரோப்ஸ்’ பன்மைப் பெயர், ‘ஸ்நிம்ட்’ இறந்தகால வினை, ‘டோபி’ பெயரடை, ‘கிரெல்’ ஒருமைப் பெயர் என்று தயங்காமல் சொல்லிவிடுவார். ‘தி’, ‘எ’, ‘வெரி’ ஆகியவை நிற்கும் இடமும், இரண்டு விகுதிகளும், சொல்வரிசையும் அவ்வளவையும் காட்டிக்கொடுத்துவிட்டன. பொருள்வழி வரையறையால் இந்த வாக்கியத்தைத் தொடவே முடியாது.

ஆனாலும் ஃப்ரீஸின் வழியை அப்படியே கையேட்டுக்குள் கொண்டுவர நான் சொல்லமாட்டேன். எந்தச் சட்டகத்தைத் தேர்வது என்பதை எந்தச் சோதனையும் சொல்லித் தராது; அது ஆய்வாளரின் முன்னறிவிலிருந்து வருகிறது. ‘குட்’ நிற்கும் இடத்தில் ‘ஹியர்’, ‘ஓவர்’ முதலியனவும் வரும் என்பதால் ஒரே சட்டகம் போதாது, பல சோதனைகளின் கூட்டு முடிவு வேண்டும். ‘நாட்’ என்ற ஒரே சொல்லுக்காக ஒரு தனித் தொகுதி வைக்க நேர்ந்ததும் நுணுக்கத்தின் விலையே. இவை எல்லாவற்றையும்விடக் கற்பவருக்குப் பெரிய இடர், எண்களாலும் எழுத்துகளாலும் ஆன பெயர்கள். அகராதியிலோ பிற நூலிலோ அவை அவருக்கு எங்கும் எதிர்ப்படுவதில்லை. முறையை எடுத்துக்கொண்டு பெயர்களை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து.

குவெர்க் குழுவின் நடுவழி

முறையை ஏற்றுப் பழைய பெயர்களைக் காத்த பெரும்பணி, ராண்டால்ஃப் குவெர்க், சிட்னி கிரீன்பாம், ஜெஃப்ரி லீச், யான் ஸ்வார்ட்விக் ஆகிய நால்வர் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் குவெர்க் வளர்த்த ஆங்கில வழக்காய்வுத் திட்டத்தின் தரவுகள் அதற்குப் பின்புலம். பெயர், வினை, பெயரடை, வினையடை (அட்வெர்ப்) ஆகியவற்றைப் புதுச்சொற்களுக்கு இடம் தரும் திறந்த வகுப்புகள் என்றும், முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்), பிரதிப்பெயர் (ப்ரோனவுன்), இணைப்புச்சொல், டிட்டர்மினர் (‘தி’, ‘திஸ்’, ‘எவ்ரி’ போன்றவை) முதலியவற்றை மூடிய வகுப்புகள் என்றும் பிரிக்கும் ஏற்பாட்டை இந்நூல் வழியாகவே பெரும்பாலான கல்லூரி ஆசிரியர்கள் அறிந்திருக்கிறார்கள்.

இந்த இலக்கணத்தில் நான் மிகவும் மதிப்பது பெயரடையை அது கையாளும் விதம். பெயருக்கு முன்னால் வருதல், ‘பி’, ‘சீம்’ போன்ற வினைகளுக்குப் பின்னால் வருதல், ‘வெரி’ ஏற்றல், ஒப்பீட்டு வடிவம் கொள்ளுதல் என்று நான்கு சோதனைகளை அது வைக்கிறது. ‘ஹங்க்ரி’ நான்கிலும் தேறுகிறது. ‘அட்டர்’ பெயருக்கு முன்னால் மட்டுமே வரும். ‘அஸ்லீப்’ வினைக்குப் பின்னால் மட்டுமே வரும். மூன்றும் பெயரடைகளே, ஆனால் முதலாவது மையத்தில் இருக்கிறது, மற்றவை விளிம்பில் இருக்கின்றன. ‘ஆன் அஸ்லீப் பாய்’ என்று எழுதும் மாணவரிடம் வெறுமனே தவறு என்று சொல்லி நகர்வதைவிட, இந்தச் சொல் எந்தச் சோதனையில் தேறவில்லை என்று காட்டுவது அவருக்குப் பல சொற்களுக்குப் பயன்படும் அறிவாக அமையும். அதே நூல், ‘பெயின்டிங்’ என்ற ஒரு வடிவம் பன்மை ஏற்கும் முழுப் பெயராகத் தொடங்கி, படிப்படியாக நகர்ந்து, முழு வினையாக முடிவதைப் பத்துக்கும் மேற்பட்ட எடுத்துக்காட்டுகளில் வரிசையாகக் காட்டுகிறது. எல்லைகள் எப்போதும் கோடு கிழித்தாற்போல் இரா என்பதை ஒரு விளக்க இலக்கணம் இவ்வளவு வெளிப்படையாக ஏற்றது பெரிய நேர்மை.

குறை எங்கே என்றால், வினையடை வகுப்பில். ‘குயிக்லி’, ‘வெரி’, ‘ஹோம்’, ‘டவுன்ஸ்டேர்ஸ்’, ‘ஹவெவர்’ என்று நடத்தையில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை வேறு எங்கும் இடமில்லாததால் இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. பழைய பட்டியலைக் கட்டிக்காத்ததற்கு நூலாசிரியர்கள் கொடுத்த விலை அது. அந்த வகுப்பு தெளிவற்றது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டுள்ளனர்.

ஹடில்ஸ்டன், புல்லம்: பட்டியலையே மாற்றும் வழி

2002இல் ரோட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் பல மொழியியலாரின் துணையோடு வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இலக்கணம், சோதனைகளின் முடிவு எதுவோ அதற்கேற்பப் பட்டியலைத் திருத்த வேண்டும் என்ற துணிவோடு எழுதப்பட்டது. அதன் அடிப்படைக் கொள்கை, சொல்லின் வகையையும் அது வாக்கியத்தில் ஆற்றும் பணியையும் ஒருபோதும் கலக்கக் கூடாது என்பது. ஒரு கையேட்டாசிரியர் இந்நூலிலிருந்து ஒன்றை மட்டும்தான் எடுக்க முடியும் என்றால், இந்தக் கொள்கையை எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்வேன்.

‘கவர்ன்மென்ட் பாலிசி’ என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். பெயரைச் சிறப்பிப்பதால் ‘கவர்ன்மென்ட்’ இங்கே பெயரடையாகிவிட்டது, அல்லது பெயரடையாகப் பயன்படும் பெயர் என்று நம் நூல்கள் சொல்லும். சோதித்துப் பார்த்தால் ‘வெரி கவர்ன்மென்ட் பாலிசி’ என்று சொல்ல முடியாது. ‘தி பாலிசி இஸ் கவர்ன்மென்ட்’ என்றும் சொல்ல முடியாது. ஆனால் ‘லோக்கல் கவர்ன்மென்ட் பாலிசி’ என்று, ‘லோக்கல்’ என்ற பெயரடை ‘கவர்ன்மென்ட்’டைச் சிறப்பிக்கும்படி சொல்ல முடிகிறது. பெயரடையால் சிறப்பிக்கப்படுவது பெயரின் இயல்பு. ஆகவே ‘கவர்ன்மென்ட்’ முழுக்கப் பெயராகவே இருக்கிறது. அடை என்பது அது இந்த இடத்தில் ஆற்றும் பணி மட்டுமே.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ‘தி புவர்’ வருகிறது. இது ஏழைகளைக் குறிப்பதால் பெயராகிவிட்டது என்பது பொருள்வழிக் கணிப்பு. ஆனால் ‘தி புவர்ஸ்’ என்று பன்மை விகுதி ஏற்காது. ‘எ புவர்’ என்று ஒருமையில் வராது. ‘தி வெரி புவர்’, ‘தி எக்ஸ்ட்ரீம்லி புவர்’ என்று பெயரடை ஏற்கும் அடைகளையே ஏற்கிறது. இதை ‘கிரிமினல்’ என்ற சொல்லோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அதுவும் பெயரடையாக வரும் சொல்தான். ஆனால் ‘எ கிரிமினல்’, ‘டூ கிரிமினல்ஸ்’ என்று பெயருக்குரிய எல்லாவற்றையும் ஏற்கும் வேறொரு ‘கிரிமினல்’ ஆங்கிலத்தில் உண்டு. ‘புவர்’ அந்த நிலையை அடையவில்லை. பெயர்த்தொடரின் தலைமைப் பணியையும் சேர்த்துச் செய்யும் பெயரடையாகவே நிற்கிறது. ‘தி புவர்ஸ்’ என்று எழுதும் பிழை நம் மாணவர்களிடம் அடிக்கடி வருகிறது. ‘தி புவர்’ பெயர்ச்சொல் என்று கற்பித்துவிட்டு, பெயர்ச்சொல் ஏன் பன்மை விகுதி ஏற்கவில்லை என்று கேட்டால் அவர்களிடம் நியாயமான விடையை எதிர்பார்க்க முடியாது.

பிரதிப்பெயரைப் பெயரின் உட்பிரிவாக்குவது, ‘திஸ்’, ‘எவ்ரி’ போன்றவற்றைப் பெயரடையிலிருந்து பிரித்துத் தனி வகுப்பாக்குவது ஆகியவை இந்நூலின் பிற மாற்றங்கள். ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும்: குவெர்க் குழு அந்த வகுப்பை டிட்டர்மினர் என்றும் அதன் பணியை டிட்டர்மினேட்டிவ் என்றும் அழைக்க, கேம்பிரிட்ஜ் இலக்கணம் அவ்விரு பெயர்களையும் இடம் மாற்றி வைத்துள்ளது. இரு நூல்களையும் மாற்றி மாற்றிப் படிப்பவர் இதைக் கவனிக்காவிட்டால் குழம்புவது உறுதி.

மிகப் பெரிய மாற்றம் முன்னிடைச்சொல்லில் நிகழ்ந்தது. ‘பிஃபோர்’ என்ற சொல் ‘பிஃபோர் தி மீட்டிங்’ என்பதில் ப்ரெபொசிஷன், ‘பிஃபோர் தே லெஃப்ட்’ என்பதில் சார்பு இணைப்புச்சொல், ‘ஐ ஹேவ் சீன் ஹிம் பிஃபோர்’ என்பதில் அட்வெர்ப் என்று மூன்றாகப் பிரித்தே அகராதிகள் காட்டும். ‘நோ’ என்ற வினையை இதே கண்ணால் பார்த்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ‘ஐ நோ தி ஆன்ஸர்’ என்பதில் பெயர்த்தொடர் பின்தொடர்கிறது. ‘ஐ நோ தே லெஃப்ட்’ என்பதில் முழு வாக்கியம் பின்தொடர்கிறது. ‘ஐ நோ’ என்பதில் எதுவுமே தொடரவில்லை. இதற்காக ‘நோ’ மூன்று சொல்வகை என்று யாரும் சொல்வதில்லை. ஒரே வினை, மூன்று வகை நிரப்பிகள் என்கிறோம். ‘பிஃபோர்’ மட்டும் மூன்றாக உடைய வேண்டிய காரணம் என்ன? டென்மார்க்கின் மொழியியலார் ஓட்டோ யெஸ்பர்சன் 1924லேயே இந்தக் கருத்தை எடுத்துரைத்தார். முன்னால் வரும் அளவுச் சொற்களும் இதற்குச் சான்று தருகின்றன: ‘டூ டேஸ் பிஃபோர் தி மீட்டிங்’, ‘டூ டேஸ் பிஃபோர் தே லெஃப்ட்’, ‘டூ டேஸ் பிஃபோர்’ என்று மூன்று சூழலிலும் ஒரே வகை அடையை அது ஏற்கிறது. பொருளும் மாறவில்லை. பிரிப்பதற்கான ஒரே காரணம், பின்னால் பெயர் வந்தால்தான் ப்ரெபொசிஷன் என்று லத்தீன் மரபு விதித்த நிபந்தனை.

இது ஏட்டுச்சண்டை என்று தோன்றலாம். 2016 மே மாதத்தில் பிரிட்டன் பள்ளிக் கல்வி அமைச்சர் நிக் கிப்பிடம் பிபிசி வானொலியில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: ‘ஐ வென்ட் டு தி சினிமா ஆஃப்டர் ஐட் ஈட்டன் மை டின்னர்’ என்பதில் ‘ஆஃப்டர்’ சார்பு இணைப்புச்சொல்லா, முன்னிடைச்சொல்லா? அவர் முன்னிடைச்சொல் என்றார். நிகழ்ச்சி நடத்தியவர் அது சார்பு இணைப்புச்சொல் என்று திருத்தினார். 2013 முதல் இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளி இறுதியில் சிறுவர்கள் எழுதும் இலக்கணத் தேர்வின் கணக்குப்படி திருத்தம் சரியே. கேம்பிரிட்ஜ் இலக்கணத்தின் பகுப்பாய்வுப்படி அமைச்சர் சொன்னதே சரி. தேர்வு எந்தச் சட்டகத்தில் நிற்கிறது என்று சொல்லாமல் சரி, தவறு என்று மதிப்பெண் போடுவது குழந்தைகளுக்குச் செய்யும் அநியாயம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இத்தனைக்கும் அந்நாட்டின் பாடத்திட்டத்தோடு வெளியான கலைச்சொல் விளக்கம், பெயர்ச்சொல்லை அடையாளம் காண உறுதியான வழி ‘தி’ போன்ற சொற்களுக்குப் பின் அது வருவதைப் பார்ப்பதே என்றும், பெயரிடும் சொல் என்ற விளக்கம் பிற வகைகளிலிருந்து பிரித்தறிய எப்போதும் உதவாது என்றும் தெளிவாகக் கூறுகிறது. வரையறையில் முன்னேறிய ஆவணம், முன்னிடைச்சொல்லில் மட்டும் பழைய எல்லையிலேயே நின்றது.

காலம் என்ற வகை

சொல்வகையை விட்டு இலக்கணக் கூறுகளுக்கு வந்தாலும் இதே தேர்வு காத்திருக்கிறது. மூன்று காலம், ஒவ்வொன்றிலும் நான்கு என்று பன்னிரண்டு டென்ஸ்களை அட்டவணையிட்டுக் கற்பிப்பது நம் பயிற்சி வகுப்புகளின் நடைமுறை. குவெர்க் குழுவும் கேம்பிரிட்ஜ் இலக்கணமும் பலவற்றில் வேறுபட்டாலும், ஆங்கில வினைக்கு எதிர்கால வடிவம் கிடையாது என்பதில் ஒன்றுபடுகின்றன. ‘வாக்’, ‘வாக்ட்’ என்று வினையிலேயே வேறுபாடு தெரிவது இரண்டுக்குத்தான். ‘வில்’ எல்லா நடத்தையிலும் ‘கேன்’, ‘மே’, ‘மஸ்ட்’ ஆகியவற்றின் கூட்டத்தைச் சேர்ந்தது: படர்க்கை ஒருமை விகுதி ஏற்பதில்லை, வெறும் வினையை அடுத்து வைத்துக்கொள்கிறது, வினாவில் எழுவாய்க்கு முன் செல்கிறது. பொருளிலும் அது எதிர்காலத்துக்குக் கட்டுப்பட்டதன்று; ‘ஹி வில் பி அட் ஹோம் நவ்’ என்பது நிகழ்காலத்தைப் பற்றிய ஊகம். ‘தி ட்ரெய்ன் லீவ்ஸ் டுமாரோ’ என்பதில் எதிர்காலத்தை நிகழ்கால வடிவம் சுமக்கிறது.

தமிழ் வினையில் எதிர்காலத்திற்கு இடைநிலை உண்டு. ஆகவே ஆங்கிலத்திலும் இருந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நமக்கு எளிதில் வந்துவிடுகிறது. பன்னிரண்டு கட்ட அட்டவணையைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். வாக்கியம் கட்டப் பழகுபவருக்கு அது கைகொடுக்கிறது. ஆனால் அதை வினைக்கூட்டமைப்பு அட்டவணை என்று வைத்துக்கொண்டு, டென்ஸின் வரையறையை வினையின் வடிவத்தில் நிறுத்துவது நல்லது.

கணினிக் குறிகளும் மங்கலான எல்லைகளும்

உரைத்தொகுப்புக் குறியீட்டில் தேர்வு வேறு வகையில் நிகழ்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் குறியிட்ட ஆங்கில உரைத்தொகுப்பான பென் ட்ரீபேங்க், நிறுத்தக்குறிகள் நீங்கலாக 36 குறிகளோடு இயங்குகிறது. முன்னிடைச்சொல்லையும் சார்பு இணைப்புச்சொல்லையும் ஒரே குறியில் அது அடக்கியது. கோட்பாட்டு விவாதத்தில் இறங்காமலேயே யெஸ்பர்சன் பக்கம் சாய்ந்த ஏற்பாடு இது. பல மொழிகளையும் ஒரே 17 வகைகளில் குறிக்கும் யுனிவர்சல் டிபென்டன்சீஸ் திட்டம் அவ்விரண்டையும் பிரிக்கிறது. ஆங்கிலத்தையும் தமிழையும் ஒரே குறித்தொகுதியில் வைத்து ஒப்பிட விரும்புபவர் பின்னதைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ், தானியங்கிக் குறியீடு முடிவுக்கு வர முடியாத இடங்களில் இரு வகைகளையும் இணைத்த இரட்டைக் குறியைத் தந்துள்ளது. ஆய்வாளருக்கு அது உதவும் நேர்மை. வகுப்பறைக்கு இவற்றில் எதையும் நேரடியாக எடுத்துச் செல்ல முடியாது.

எல்லை மங்கல் என்பதையே கோட்பாடாக்கியவர்களும் உண்டு. ஜான் ராஸ் 1972இல் வினைக்கும் பெயருக்கும் இடையே தொடர்ச்சியான படிகள் இருப்பதாக வாதிட்டார். பாஸ் ஆர்ட்ஸ் 2007இல் இதை ஆங்கிலம் முழுமைக்கும் விரிவாக ஆராய்ந்தார். ‘நியர்’ என்ற சொல் ‘நியரர் தி ஸ்டேஷன்’ என்பதில் பெயரடையைப் போல ஒப்பீட்டு வடிவம் கொள்கிறது, அதே மூச்சில் முன்னிடைச்சொல்லைப் போலப் பெயர்த்தொடரை நேரடியாக ஏற்கிறது. ‘ஃபன்’ பலருக்கு இன்னும் பெயர் மட்டுமே. ‘சோ ஃபன்’ என்று சொல்பவர்களிடம் அது பெயரடையாகவும் ஆகிவிட்டது. இவற்றைக் கையேட்டில் ஒரு பக்கத்தில் சொல்லலாம். இவற்றைக் காரணமாக்கி, வகைகளே இல்லை என்ற முடிவுக்குத் தொடக்கநிலை மாணவரைத் தள்ளுவது தவறு. விளிம்பு மங்கியிருப்பதால் மையம் இல்லாமல் போவதில்லை.

என் தேர்வு

பொருளுக்கு இடமே இல்லையா என்ற கேள்விக்கு ஹடில்ஸ்டன் தந்த பிரிப்பே எனக்கு நிறைவளிக்கிறது. எந்த மொழிக்கும் பொதுவாக ஒரு வகுப்பைப் பெயர் என்று எதனால் அழைக்கிறோம் என்பது ஒரு கேள்வி; இந்த ஆங்கிலச் சொல் பெயரா என்பது வேறு கேள்வி. முதலாவதற்குப் பொருள் விடை தரும்: சோதனைகளால் பிரித்தெடுத்த வகுப்புகளில் எதில் ஆட்களையும் பொருள்களையும் குறிக்கும் அடிப்படைச் சொற்கள் மிகுந்துள்ளனவோ அதற்குப் பெயர் என்று பெயரிடுகிறோம். இரண்டாவதற்கு வடிவமும் இடமும் மட்டுமே விடை தர முடியும். பழைய வழியின் பிழை, முதல் கேள்வியின் விடையை இரண்டாவதற்குக் கொடுத்ததுதான்.

இதன்படி, தமிழ் வாசகருக்கான கையேட்டில் பெயர், வினை, பெயரடை மூன்றுக்கும் மூன்று நான்கு சோதனைகளைக் கொண்ட வரையறையைத் தருவேன். ஆள், இடம், பொருள் என்ற விளக்கத்தை அறிமுகக் குறிப்பாக மட்டும் வைப்பேன். வகை வேறு, பணி வேறு என்பதை முதல் அத்தியாயத்திலேயே ‘கவர்ன்மென்ட் பாலிசி’, ‘தி புவர்’ போன்ற எடுத்துக்காட்டுகளால் நிறுவுவேன். பட்டியலுக்குக் குவெர்க் குழுவின் பெயர்களையே எடுத்துக்கொள்வேன். மாணவர் புரட்டும் அகராதிகளோடும் அடுத்து எடுக்கும் நூல்களோடும் அவையே பொருந்துகின்றன. மெய்ம்மைக்கு நெருக்கமானது கேம்பிரிட்ஜ் பட்டியல் என்று நான் கருதினாலும், ‘வென்’, ‘ஹோம்’ இரண்டையும் ப்ரெபொசிஷன் என்று படித்த மாணவர் தேர்வுத்தாளில் தனித்து நிற்க நேரும். முன்னிடைச்சொல் அத்தியாயத்தில் மட்டும் ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘சின்ஸ்’ ஆகியவற்றை ஒரே சொல், மூன்று வகைத் தொடர்ச்சி என்று கேம்பிரிட்ஜ் முறையில் விளக்கி, அகராதி இதை எந்த மூன்று பெயர்களால் குறிக்கிறது என்று ஒரு கட்டத்தில் தருவேன். கல்லூரியில் மொழியியல் படிப்பவருக்கு எழுதுவதானால் இந்தத் தயக்கம் தேவையில்லை; கேம்பிரிட்ஜ் பகுப்பாய்வையே அடிப்படையாக வைத்து, குவெர்க் குழுவின் மையம், விளிம்பு என்ற பார்வையைப் பெயரடை அத்தியாயத்திலும் ‘-இங்’ வடிவங்களின் அத்தியாயத்திலும் சேர்த்துக்கொள்ளலாம்.